ஆறாம் வேற்றுமை

பெலேம் நகரில் மழை
பிற்பகல் இரண்டரைக்கு வரும், வேலைக்கு வருவதுபோல.
அருங்காட்சியகத்தின் பின்கட்டில்
டால்வனீரா குவாரெஸ்மா
நாற்பத்தேழாம் இழுப்பறையைத் திறக்கிறாள்.
முதலில் வெளியே வருவது அந்துருண்டை நெடி,
அப்புறம்தான் புறாக்கள்.

மல்லாந்து கிடக்கின்றன பதினொன்று.
உள்ளங்கைக்குள் அடங்கும் தரைப்புறாக்கள்,
கண் இருந்த இடத்தில் பஞ்சு.
பத்தின் காலில் வெள்ளைச் சீட்டு.
ஒன்றுக்கு மட்டும் சிவப்பு:
அதுதான் பெயரைச் சுமக்கிற உடல்.
ஆற்றங்கரையில் இன்றைக்குக் கூவுகிறவை
இந்தப் பிணத்தை ஒத்திருப்பதால்தான்
அந்தப் பெயருக்கு உரியவை.
விதி அப்படி.

சீட்டில் ஓட்டகார் ஹ்ரூபியின் கையெழுத்து.
1911 ஜூலை. ஆற்றின் வடகரை. பெண்.
தீனிப்பையில் புல்விதை, மூன்று மணல்.
கண், சுட்ட கையோடு பார்த்தது:
பழுக்கத் தொடங்கிய மாங்காயின் நிறம்.
கொலும்பினா லுத்மிலே என்று எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறார்.

லுத்மிலா, புர்னோவில் அவர் விட்டுவந்த மனைவி.
இலத்தீனில் பெயரின் வாலைக் கொஞ்சம் வளைத்தால்
உடைமை வந்துவிடும்: லுத்மிலே, லுத்மிலாவினது.
எங்கள் இலக்கணம் இதை ஆறாம் வேற்றுமை என்னும்.
சொல்லிவிட்டுச் சும்மா இராது, கேட்கும்:
தற்கிழமையா, பிறிதின்கிழமையா?
புறாவினது சிறகு, தற்கிழமை.
புறாவினது கூடு, பிறிதின்கிழமை.
புறாவைப் பார்த்தேயிராத ஒருத்தியினது புறா
எந்தக் கிழமை?

ஆவணக் கட்டில் அவள் கடிதம் ஒன்றே ஒன்று.
'பறவைக்கு நன்றி.
சமையலறைக் கூரை இன்னும் ஒழுகுகிறது.'

செவ்வாய்க்கிழமை முடிவுகள் வந்தன.
சிவப்புச் சீட்டுக்காரியின் கால்விரல் அடியில்
நகக்கீறல் அளவு தோலைச் சீவி அனுப்பியிருந்தாள்.
தென்கரையின் சாதாரணப் பழுப்புப் புறாவோடு வைத்துப் பார்த்தால்
நூற்றுக்கு அரைகூட வித்தியாசம் இல்லை.
தென்கரைக்காரிக்கு முப்பது வருடம் முன்பே
யாரோ பெயர் வைத்துவிட்டார்கள்.
பந்திக்கு முந்தியதற்கே இலை.

படகோட்டி பென்விண்டோ அன்றைக்கே சொன்னான்:
வடகரைப் புறா மூன்று முறை கூவும்,
தென்கரைப் புறா இரண்டோடு நிறுத்திக்கொள்ளும்.
பதிவு செய்தாள். உண்மைதான்.
அட்டவணையில் அதற்கும் ஒரு கட்டம் போட்டாள்.
எடை போதவில்லை.

கட்டுரை முழுதும் முடிந்து
அந்த ஒரு வாக்கியம் மட்டும் நான்கு நாள் கிடந்தது.
காப்பி போட்டாள். தங்கைக்குப் பணம் அனுப்பினாள்.
யாரும் கேட்காத வரைபடத்தைத் திருத்தினாள்.
சனிக்கிழமை காலை, நின்றபடியே, தட்டச்சு செய்தாள்.

ஓர் இனம் போயிற்று.
ஒரு பறவைகூடச் சாகவில்லை.

பென்விண்டோவிடம் தொலைபேசியில் சொன்னாள்.
பின்னால் மோட்டார் இரைந்தது.
'அப்படியா,' என்றான்.
'இனிமேல் இரண்டு போதும் என்று
அதுகளிடம் சொல்லிவிடட்டுமா?'
அவளுக்குச் சிரிப்பு வந்தது.
பிறகு வரவில்லை.

பழைய சீட்டை அறுக்கக் கூடாது.
யார் எத்தனை முறை பெயர் மாற்றினாலும்
எல்லாம் அதே காலில் தொங்க வேண்டும்.
ஏற்கெனவே நான்கு.
ஐந்தாவதைப் பென்சிலால் எழுதினாள்,
மை ஒருநாள் ஊறிவிடும்.
மூத்த பெயர், நாள், தன் முதலெழுத்து.

சீட்டின் பின்புறம் குறிப்புக்கு உரியது.
எவரும் அதை நிரப்புவதில்லை.
'கூவல்: மூன்று' என்று எழுதிக்
குருவிமூக்கு அளவில் முடிச்சிட்டாள்.
லுத்மிலாவைப் பற்றி எழுத
இடமும் இல்லை, விதியும் இல்லை.

இழுப்பறையைத் தள்ளினாள்.
ஒரு சீட்டு கூடியதாலோ,
மழைக்கு மரம் உப்பியதாலோ,
கடைசி ஒரு விரல் உள்ளே போகவில்லை.